நிமிர்ந்து நின்ற குங்குமம்

விஜயதசமி காலையில் பிரேம்நாத் மாடியேறி வந்தபோது, ஜீவிதா பேசும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பேசமாட்டேங்குது பிரேமு. நேத்து பூஜைக்கு முன்னாடி நல்லாத்தான் பேசிச்சு. இன்னிக்கு அப்பா வராரே, நான் என்னாத்த குடுப்பேன்?"

பிரேம்நாத் நான்கு பொத்தான்களையும் மாற்றி மாற்றி அமுக்கினான். கிர்ர் என்ற இரைச்சல் தவிர ஒன்றும் வரவில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடி அது. 'பட்டறை' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆசை இருக்கிறவர் யாரும் வரலாம், கருவிகள் எல்லோருக்கும் பொது. செத்துப்போன டிவிகளைப் பிரித்துப்போட்டு எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். தறிக்கு இழை எண்ணுவதற்கென்று செய்த கருவி ஒரு வருடமாகத் தப்பாகவே எண்ணிக்கொண்டிருந்தது. உருப்படியாக முடிந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். ஜீவிதாவின் அப்பா ஆதிகேசவன் தென்னேரியில் விவசாயம் பார்த்தவர். பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. பொத்தானை அமுக்கினால் அவருக்காகப் பெட்டி பேசும். குரல் கொடுத்தவன் ஸுதர்சன். பள்ளிக்கூட வாத்தியார், கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கணீர்க் குரல். நெற்றியில் செங்குத்தாகச் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"தர்மன் வேலைதான் இது" என்றான் பிரேம்நாத். "க்விஸ் பஸ்ஸர் செய்யறேன்னு இதே மாதிரி சிப் தேடிக்கினு இருந்தான். அவன்கிட்ட சாவியும் இருக்குது."

"சிப் உள்ளேயே இருக்கே பிரேம்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

லக்ஷணா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பிரேம்நாத் கீழே வைத்த பெட்டியின் பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணைகள் அவள் பொறுப்பு. லீவு நாட்களில் இங்கே வந்து ஒரு ரேடியோ கட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயர்ந்து பிரேம்நாத் கேட்டதே இல்லை, அவனுக்கோ எப்போதும் அவசரம்.

"யாரோ மைக்கை எடுத்துட்டு, அந்த இடத்துல ரெண்டு ஒயர் பத்த வெச்சிருக்கா. எவ்வளவு சுத்தமா ஈயம் வெச்சிருக்கா, பாரு. கெடுக்கணும்னு வந்தவன் இத்தனை பொறுமையா பண்ணுவானா?"

"பத்த வெச்சாங்களா? நேத்தா?" பிரேம்நாத்துக்குக் கோபம் தலைக்கேறியது. ஆயுத பூஜைக்குப் படைத்த கருவிகளை மறுநாள் கற்பூரம் காட்டும்வரை தொடக்கூடாது என்பது பட்டறையில் அவன் போட்ட சட்டம். இடுக்கியிலிருந்து துளைபோடும் மெஷின்வரை, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் வட்டமாகக் குங்குமம் வைத்தவனும் அவன்தான்.

லக்ஷணா சாமி படத்தின் முன் மண்டியிட்டு, எதையும் தொடாமல் ஒவ்வொரு கருவியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இந்தப் பென்சிலையும் படைச்சியா?"

"இல்லக்கா. பென்சிலுக்கு எதுக்கு பொட்டு?"

கருவிகளுக்கு நடுவே கிடந்த அந்தப் பென்சிலின் ஒரு முனையில் விளிம்புகள் தேய்ந்து, சின்னச் சின்னப் பல்தடங்கள் பதிந்திருந்தன. அவள் தலையசைத்துவிட்டு, "தர்மனை வரச்சொல்லு. ஸுதர்சனையும்" என்றாள்.

தர்மன் பத்து நிமிடத்தில் வந்தான். விஷயம் கேட்டதும் அவன் முகம் சிவந்துவிட்டது.

"என்னைத் திருடன்றியா பிரேமு? அந்தப் பெட்டிக்குத் தகரம் வெட்டினவன்பா நான்!"

ஸுதர்சன் வீட்டில் இல்லை, விடிந்ததுமே சைக்கிளில் கிளம்பிவிட்டானாம்.

"உட்காரு தர்மா, உன்மேல தப்பில்லை" என்றாள் லக்ஷணா. "பிரேம், ஈயம் பத்த வைக்கிற அயர்னைப் பாரு. நீ இரும்புமேல பொட்டு வெச்சே. யாரோ சூடு பண்ணினதுல அது கருகிப்போச்சு. கருகினதுமேல புதுசா வெச்சிருக்கா. எப்படி இருக்கு அது?"

பிரேம்நாத் குனிந்து பார்த்தான். மற்ற கருவிகளில் எல்லாம் வட்டப் பொட்டு. அயர்னிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரிலும் மட்டும் செங்குத்தான கோடு, கீழே அகலமாக, மேலே போகப்போகக் கூராக.

"கீழேர்ந்து மேலே இழுத்தது. எங்கப்பா தினம் காலையில கண்ணாடி முன்னாடி ஸ்ரீசூர்ணம் இழுக்கறதைப் பார்த்தே வளர்ந்தவ நான். குங்குமம் உன்னோடதுதான், கைப்பழக்கம் வேற. கருவியைத் தொட்டுட்டோமேன்னு பதறி, திரும்ப மரியாதை பண்ணிட்டுப் போயிருக்கான். சாவி வெச்சிருக்கறவாள்ல நெத்தியில கோடு போடறவன் யாரு?"

"ஸுதர்சன் அண்ணனா?" என்றாள் ஜீவிதா. "அவர் குரலை அவரே ஏன்கா அழிக்கணும்?"

"அழிக்கறதுக்கு மைக்கைக் கழட்ட வேண்டாம். வாயால பேசாத ஏதோ ஒண்ணுலேர்ந்து குரலை உள்ளே அனுப்பத்தான் அந்த ஒயர். பென்சில் எதுக்கு? கேசட் சக்கரத்துல விட்டு நாடாவைச் சுத்தறதுக்கு. அந்தச் சக்கரத்துப் பல்தான் அதுல பதிஞ்சிருக்கு. போன ஞாயித்துக்கிழமை உங்கப்பாவைக் கூட்டிண்டு வந்து ஒத்திகை பார்த்தோமே, என்ன ஆச்சு?"

"ஒரு தடவ அமுக்கினாரு. தள்ளி வெச்சுட்டாரு. களைப்புன்னு சொன்னோம்."

"களைப்பில்லேன்னு ஒருத்தன் புரிஞ்சுண்டிருக்கான்."

படியில் தடதடவென்று சத்தம். வியர்க்க விறுவிறுக்க ஸுதர்சன் வந்து நின்றான். கையில் ஒரு பழைய கேசட். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு தலைகுனிந்தான்.

"ஜீவிதா, உங்கப்பா அன்னிக்குப் பொத்தானை அமுக்கிட்டு என் முகத்தைத்தான் பார்த்தார். தண்ணி கேக்கறது அவர், கேக்கற குரல் என்னோடது. எனக்கே வெக்கமாப் போச்சு. உங்கம்மாகிட்டப் போய், அவர் குரல் எதுலயாவது இருக்கான்னு கேட்டேன். டேப் ரிக்கார்டர் வாங்கின அன்னிக்கு அவர் விளையாட்டாப் பேசினதைப் பத்திரமா வெச்சிருந்தா. நேத்துதான் கைக்கு வந்தது. பழசை அழிச்சுட்டுப் பதியறப்போ நாடா அறுந்துடுத்து. விடிஞ்சதும் கேசட் கடைக்காரர் வீட்டுக்கு ஓடி ஒட்டிண்டு வந்தேன். சரியா வராட்டா உனக்கு வீணா ஆசை காட்டினாப்பல ஆயிடுமேன்னுதான் சொல்லலை." பிறகு பிரேம்நாத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். "பூஜையில இருந்ததைத் தொட்டதுக்குப் பெருமாள் மன்னிச்சுடுவார். இவன் மன்னிப்பானான்னுதான் பயம்."

பிரேம்நாத் தர்மனின் தோளில் கையைப் போட்டு, "தப்புதான்பா, மனசுல வெச்சுக்காத" என்று மட்டும் சொன்னான். பிறகு அவசரமாகக் கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டு, அயர்னை அவனே எடுத்து ஸுதர்சன் கையில் கொடுத்தான்.

மதியம் ஆட்டோவில் லோகாம்பாள் கணவரை அழைத்து வந்தாள். தர்மனும் பிரேம்நாத்தும் நாற்காலியோடு அவரை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் ஆதிகேசவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீவிதா அவர் விரலைப் பிடித்து முதல் பொத்தானின்மேல் வைத்தாள்.

"ஏ ஜீவிதா! தண்ணி எடுத்தாம்மா, தொண்ட காஞ்சி போச்சி!"

தென்னேரி ஏரிக்கரையில் நின்று கூப்பிடுகிற அதே அதட்டல். லோகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீவிதா யோசிக்கவே இல்லை. "தோ வந்துட்டேன்பா" என்று குழந்தைபோல ஓடிப்போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள்.

ஆதிகேசவன் டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். குடிக்கவில்லை. கண்ணீர் வழிய, மறுபடியும் அந்தப் பொத்தானையே அமுக்கினார்.

ஜீவிதா இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.