இடது விளக்கின் நிழல்

கார் நிறுத்துமிடத்தின் சுவரில் இரண்டு வெளிச்சங்கள் விழுந்தன. வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கம், தரையிலிருந்து மேலே, ஒரு கறுப்புக் கோடு நின்றது. ஏழு வயதுக் குழந்தையின் உயரம் இருக்கும்.

உமாமகேஸ்வரி எஞ்சினை அணைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தளத்துக் குப்பைத்தொட்டியின் புளித்த வாசமும், மழையில் நனைந்த கான்கிரீட்டின் வாசமும், எங்கோ வீட்டில் தாளித்த வெங்காயத்தின் வாசமும் பாதி திறந்த கண்ணாடி வழியாக வந்தன. பின்னிருக்கையில் மகள் அனுப்ரியா வாய் திறந்து தூங்கினாள். புது பல்பு, அதனால்தான் என்று உமா நினைத்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு கிளமெண்டி அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டுக்கு நடந்தாள். லிஃப்டுக்குள்ளேயே அனுப்ரியா விழித்துக்கொண்டாள். பிறகு விடியும்வரை தூங்கவில்லை.

டெங்கு வந்து போனதிலிருந்து இப்படித்தான். காய்ச்சல் போனது, தூக்கமும் போனது. மருந்து, பால், சிராங்கூன் சாலைக் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு, எதுவும் உதவவில்லை. பள்ளியில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் வார்டில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

காரில் மட்டும் தூங்கினாள். அறுபதுகளின் மோரிஸ் மைனர் அது. விவாகரத்தில் ஸ்ரீநாத் வேண்டாமென்று விட்டுப்போன ஒரே பொருள். எஞ்சின் உடலெங்கும் நடுங்க, பத்து நிமிடத்தில் அனுப்ரியாவின் தலை சாய்ந்துவிடும். பின்னிருக்கையின் ஸ்பிரிங்குகள் பழசு. யார் உட்கார்ந்தாலும் முனகும், ஆழமாக அமுங்கும். சில சமயம் உமா எஞ்சினை அணைக்காமல் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் போய் மகள் பக்கத்தில் உட்காருவாள். அனுப்ரியா தூக்கம் கலையாமலே கதவோரம் நகர்ந்து இடம் விடுவாள்.

பழைய கார்களுக்கான கிளாசிக் உரிமத்தில் வருடத்துக்கு ஓட்டக் கிடைக்கும் சில நாட்களும் தீர்ந்துகொண்டிருந்தன. பழைய விளக்குகள் மஞ்சளாக, மங்கலாக எரிந்தன. ஒரு மழை மாலையில் லிம் சூ காங் சாலையில் சைக்கிளில் வந்த தொழிலாளியைக் கடைசி நொடியில்தான் பார்த்தாள். மறுநாளே மெக்கானிக்கிடம் வெள்ளை எல்இடி பல்பு போடச் சொன்னாள்.

அப்துல் அஜீஸின் பட்டறை ஜாலான் பெசார் பின்சந்தில் இருந்தது. பிள்ளை உயரத்துக்குக் கறுப்பு விழுகிறது என்று சொன்னதும் அவர் சிரித்தார்.

"பழைய லைட் கூடு மா. மஞ்ச பல்புக்குன்னு செஞ்சது. எல்இடி வச்சா எங்கயாவது கறுப்பு விழத்தான் செய்யும் லா."

"சரி பண்ண முடியாதா பாய்?"

"கெழவனுக்குப் புதுசா பல்லு கட்டிருக்கோம். செட் ஆக டைம் குடுங்க."

ஷட்டரை இறக்கி, அதன் மேல் வெளிச்சத்தை விழ வைத்தார். பல்பைக் கூட்டுக்குள் திருப்பினார். கறுப்பு அசையவில்லை. இடது பல்பை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார். கறுப்பு இடதிலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றி, உள்ளே துணி விட்டுத் துடைத்தார். துணி சுத்தமாக வெளியே வந்தது.

"ஒன்னுமே இல்லையே மா."

ஷட்டர் அருகே போய்க் கையால் அளந்தார். அது அவர் மார்புவரை வந்தது. இப்போது அதற்குத் தோள்கள் இருந்தன.

"புள்ள உயரம்னு தானே சொன்னீங்க?"

அஜீஸ் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

உமா மேடை நாடகங்களுக்கு ஒளி அமைப்பவள். இருபது வருடங்களாக அவள் பார்த்தது ஒன்றுதான். பின்திரையை ஒட்டி நிற்கும் நடிகனின் நிழல் அவன் அளவுக்கே இருக்கும். அவன் திரையை விட்டு விளக்கை நோக்கி நடந்தால் நிழல் வளரும், விளிம்பு மங்கும். நிழல் வளர்கிறது என்றால் அது வளரவில்லை. வருகிறது.

அன்று மாலை, வழக்கமான இடத்தில் காரை நிறுத்தினாள். நிழலின் தலை சுவரில் பாதிக்கு மேல் போயிருந்தது. காருக்கும் சுவருக்கும் நடுவே வெறும் தரை. எண்ணெய்க் கறை, நசுங்கிய பானப் பெட்டி ஒன்று, மின்விசிறியின் இரைச்சல்.

இறங்கினாள். சுவரோரம் போய், அங்கிருந்து விளக்கை நோக்கி மெதுவாக நடந்தாள். அவள் நிழல் அந்த நிழலுக்குப் பக்கத்தில் வளர்ந்தது. இரண்டின் விளிம்பும் ஒரே அளவு மங்கிய இடத்தில் நின்றாள். அது நிற்கும் தூரம் இதுதான்.

அங்கே ஒரு வாசம் இருந்தது. காய்ச்சலில் வேர்த்த குழந்தையின் தலைமுடி.

கையை நீட்டினாள். காற்று. சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய நிழல் கை நீட்டி நின்றது. மற்றது, இதுவரை நேராக நின்றது, மெல்லத் தலையைச் சாய்த்து அவளுடையதைப் பார்த்தது.

காருக்கு ஓடினாள். விளக்கை அணைத்தாள். அனுப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அஜீஸ் பழைய பல்புகளைத் திரும்ப மாட்டினார். பணம் வேண்டாம் என்றார். அன்று மாலை சுவரில் மஞ்சள் மட்டும் விழுந்தது. கறுப்பு இல்லை. உமா வெகுநேரம் அந்த மஞ்சளையே பார்த்தாள்.

ஆனால் அனுப்ரியா தூங்கவில்லை. லிம் சூ காங்வரை போய் வந்தும் தூங்கவில்லை. அடுத்த மாலையும் தூங்கவில்லை. பின்னிருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னிருக்கைக்கு மேலாகச் சாலையையே பார்த்தாள். கண்களுக்குக் கீழே தோல் நீலமாகியிருந்தது.

"கண்ண மூடு டா தங்கம்."

"முடியாது மா."

"ஏன்?"

"அது நடக்குது. இந்த லைட்ல எங்கன்னு தெரியல."

உமாவின் கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது.

"எது டா?"

அனுப்ரியா முன்னிருக்கையைப் பற்றிக்கொண்டாள். "ஒயிட் லைட் போடுங்க மா," என்றாள். "ப்ளீஸ் மா. பாத்தா நான் தூங்கிருவேன்."

அடுத்த நாள் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். படிக்கட்டில் விழுந்துவிட்டாள். நெற்றியில் மூன்று தையல். காலையில் வார்டுக்குக் கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். அங்கே கார் இல்லை. அங்கே அவள் ஒரு நிமிடம்கூடத் தூங்கமாட்டாள். இந்த ஒரு மாலையாவது தூங்க வேண்டும்.

உமா மகளுடன் நேரே பட்டறைக்குப் போனாள்.

"பாய், அத திரும்ப மாட்டுங்க."

"பைத்தியமா மா உங்களுக்கு?"

"எங்க நிக்குதுன்னு தெரியணும் பாய்."

அஜீஸ் காருக்குள் பார்த்தார். குழந்தையின் நெற்றிக் கட்டைப் பார்த்தார். பிஸ்மில்லா என்று முணுமுணுத்துவிட்டுக் குனிந்தார். வேலை முடியும்வரை ஷட்டரின் பக்கம் திரும்பவே இல்லை. விளக்கைப் போட்டுப் பார்க்கவும் இல்லை.

"இனிமே இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க மா," என்றார். "கோவிச்சுக்காதீங்க."

இருட்டிவிட்டிருந்தது. உமா முதலில் வீட்டுக்குத்தான் போனாள். பார்த்துவிட வேண்டும். வழக்கமான தளம், வழக்கமான சுவர். விளக்கைப் போட்டாள்.

சுவரின் இடது பாதி இல்லை. தரையிலிருந்து கூரைவரை கறுப்பு. நடுவில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கீற்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. அவை கால்கள். இரண்டு கால்களுக்கு நடுவே வெளிச்சம். இடுப்பும் தலையும் கூரையில் எங்கோ இருந்தன.

விளக்கிலிருந்து ஒரு கை தூரம். அவ்வளவுதான்.

"பாத்தாச்சு மா," என்றாள் அனுப்ரியா, பெருமூச்சுடன். கண்ணை மூடினாள். உடனே தூங்கிப்போனாள்.

உமா ரிவர்ஸ் எடுத்தாள். சுவரே இல்லாத இடம் வேண்டும். லிம் சூ காங் சாலை, இரு புறமும் மரங்கள், கல்லறைகள், யாருமில்லாத நேர்கோடு. வெள்ளை வெளிச்சம் முன்னால் ஓடி எதிலும் படாமல் கரைந்தது. சாலை முடிந்த இடத்தில் கடல். காரைத் தண்ணீரைப் பார்த்து நிறுத்தினாள். வெளிச்சம் நீரின் மேல் போய்க்கொண்டே இருந்தது. எந்த நிழலும் இல்லை. பின்னால் மகளின் மூச்சு, எஞ்சினின் நடுக்கம், ஜன்னலில் உப்புக் காற்று. இங்கேயே இருந்துவிடலாம். விடியும்வரை. மகள் தூங்கட்டும்.

பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டது.

எஞ்சின் நின்றால் அவள் விழித்துக்கொள்வாள்.

திரும்பினாள். சிவப்பு விளக்குகளில் முன்னால் நின்ற வண்டிகளின் முதுகைப் பார்க்கவில்லை. எதன் மேல் வெளிச்சம் விழுந்தாலும் கண்ணைத் தாழ்த்தினாள். வழியில் ஏதோ முனகியது. பழைய கார், எப்போதும் ஏதாவது முனகும்.

வீட்டுக் கார் நிறுத்துமிடம். சரிவுப் பாதை. மூன்றாம் தளம். தலையைக் குனிந்தபடி நிறுத்தினாள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தாள். நிமிர்ந்தாள்.

சுவர் வெள்ளையாக இருந்தது.

இடதும் வலதும். தரையிலிருந்து கூரைவரை. ஒரு கறை இல்லை. பூச்சுக்காரன் விட்ட தூரிகைத் தடம்கூடத் தெரிந்தது.

உமா அழுதாள். சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போய்விட்டது. மகள் தூங்குகிறாள். போய்விட்டது.

பிறகு மேடை நினைவுக்கு வந்தது.

நடிகன் திரையை விட்டு நடக்கிறான். நிழல் வளர்கிறது. திரையை நிறைக்கிறது. அவன் விளக்கருகே வருகிறான். விளக்கைத் தாண்டுகிறான்.

திரை வெள்ளையாகிறது.

அந்த வாசம். காய்ச்சல் தலைமுடி. காருக்குள்.

திரும்ப முடியவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மட்டும் பார்த்தாள்.

அனுப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் உட்கார வைத்தவள். இப்போது வலது கதவோடு ஒட்டி, முழங்கால்களை மடக்கி, இடம் விட்டு.

அவள் பக்கத்தில் இருக்கை ஆழமாக அமுங்கியிருந்தது.