நாற்பது நிமிட வருத்தம்

காலை ஒன்பது மணிக்குள் திலகவதி இன்னும் ஆரம்பிக்காத ஒரு போருக்காக நாற்பது நிமிடம் வருந்தி முடித்திருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, டப்பாவில் கொண்டுவந்த உப்புமாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அறிக்கை எழுத உட்கார்ந்தாள். ஒரே பக்கம்தான். அதற்கு மேல் போனால் செனட்டர் படிக்க மாட்டார்.

“வருத்த அளவு 8.1. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் குறையும் அறிகுறி இல்லை. எதிர்த்து வாக்களிப்பது நல்லது.”

செனட்டர் கெல்லர்மன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க, திலா” என்றார். பதினோரு வருடமாக அவருக்கு அவள் திலாதான். மீதி எழுத்துகள் அவர் வாயில் நுழையவில்லை. பிற்பகலில் அவைக்குப் போய் ஆதரித்து வாக்களித்துவிட்டு வந்தார்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருந்தது. போருக்குக் கை தூக்கிய பெரிய மனிதர்கள் பதவியை விட்டு இறங்கியபின் ஒரு புத்தகம் எழுதுவார்கள். தொலைக்காட்சியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்” என்பார்கள். வியட்நாமுக்கு வருந்தினார்கள், ஈராக்குக்கு வருந்தினார்கள், ஆப்கானிஸ்தானிலிருந்து கிளம்பிய கடைசி விமானத்துக்கும் வருந்தினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் ஊரில் கேலி செய்வதை அவர்கள் அரசாங்க வழக்கமாகவே வைத்திருந்தார்கள். கடைசியில் ஜனங்களுக்கு அலுத்துப்போனது. வருத்தப்படுவதை ஏன் முதலிலேயே பட்டுத் தொலைக்கக்கூடாது என்று கேட்டார்கள். அதற்குத்தான் முன்வருத்தி என்கிற கருவி வந்தது.

பார்க்கச் சாதாரண நாற்காலிதான். பல் வைத்தியரிடம் இருக்குமே அந்த மாதிரி. தலைக்கு மேல் ஒரு கவசம். போர்த் தீர்மானத்தை அதனுள் செலுத்தினால், பழைய போர்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகள், விதவைகளின் கடிதங்கள், கைவிட்டு வரப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களின் மனுக்கள் எல்லாவற்றையும் அலசி, இந்தப் போர் எப்படி முடியும் என்று கணக்குப் போடும். பிறகு, இருபது வருடம் கழித்து எவ்வளவு வருத்தம் வருமோ அதை இன்றைக்கே, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சில் இறக்கிவிடும். நாற்பது நிமிடம். படை அனுப்பும் எந்தத் தீர்மானத்துக்கும் முன்னால் ஒவ்வொரு உறுப்பினரும் அதில் உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. இல்லாத வருத்தத்தைக் கருவியால் புதிதாக உண்டாக்க முடியாது. உட்கார்ந்தவர் மனத்தில் ஏற்கெனவே கிடக்கும் வருத்தங்களில் எது பெரிதோ அதைப் பிடித்து, போரின் அளவுக்குப் பெருக்கும். பாலில் உறை மோர் விடுகிற மாதிரி. திலகவதிக்கு அந்த உறை மோர் அவள் அப்பா. நெய்வேலியிலிருந்து அவர் ஒரு நாள் மூன்று முறை கூப்பிட்டார். அவையில் வாக்கெடுப்பு நேரம். “மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசுறேன்” என்று துண்டித்தாள். அவள் திரும்பக் கூப்பிட்டபோது தம்பி எடுத்து அழுதான். எந்தக் கண்டத்தில் குண்டு போடுவதாக இருந்தாலும் அந்த நாற்காலியில் அவளுக்குக் கேட்டது அப்பாவின் தொலைபேசி மணிதான். நாற்பது நிமிடமும் அது அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க முடியாது.

சரி, செனட்டர் உட்கார வேண்டிய நாற்காலியில் திலகவதி ஏன் உட்கார்ந்தாள்? ஆயிரம் பக்க மசோதாவை எந்த உறுப்பினர் தானே படித்திருக்கிறார்? உதவியாளர் படிப்பார், ஒரு பக்கத்தில் சுருக்கித் தருவார். அதே வழியில், சட்டம் வந்த இரண்டாம் வருடமே, “உறுப்பினர் அல்லது அவரால் நியமிக்கப்பட்ட உதவியாளர்” என்று ஒரு திருத்தம் நுழைந்துவிட்டது. அதன் பிறகு உறுப்பினர்கள் யாரும் அந்த அறைப் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு வருத்த உதவியாளர் இருந்தார்.

“கூலிக்கு மாரடிக்கிறதுன்னு எங்க ஆயா சொல்லும்” என்பான் அவள் கணவன் குமரவேல். “நீ அத அமெரிக்கா வந்து பண்ற. அதுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேற.”

“சிரிங்க சிரிங்க. ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க, தெரியும்.”

“எனக்கு எதுக்கு? உன்னைக் கட்டின வருத்தமே போதும்.” சொல்லிவிட்டு அடி விழுவதற்குள் தட்டோடு நகர்ந்துவிடுவான்.

மார்ச் மாதம் மர்சான் தீர்மானம் வந்தது. மர்சான் கடலோரத்தில் ஒரு சின்ன நாடு. அங்கே ஒரு தளபதி ஆட்சியைப் பிடித்துவிட்டார், துறைமுகத்தை மூடிவிட்டார், பன்னிரண்டாயிரம் பேரை அனுப்பினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று சொன்னார்கள். ஒரு மாதத்தில் முடியும் என்று சொல்லி ஆரம்பித்தவை எத்தனை வருடம் இழுத்தன என்று கேட்க அங்கே ஆளில்லை. அவையில் இரு பக்கமும் ஏறக்குறைய சரிசமமாக நின்றன. கெல்லர்மன் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் போகும் படைப்பிரிவுகளின் பட்டியலில் ஒரு மருத்துவப் பிரிவு இருந்தது. திலகவதியின் மகள் நிறைமதி அதில்தான் இருந்தாள். படிப்புச் செலவை ராணுவம் ஏற்கும் என்று சேர்ந்தவள். இருபத்து நான்கு வயது.

“அம்மா, நீ ஒண்ணும் பண்ணாத” என்றாள் தொலைபேசியில். “நீ உன் வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்குறேன். எனக்காக யார்கிட்டயும் போய் நிக்காத. அசிங்கமா இருக்கும்.”

“நான் யார்கிட்டடி போய் நிக்கப் போறேன்?”

“உன்ன எனக்குத் தெரியும்மா.”

அடுத்த நாள் படிவம் வந்தது. “தீர்மானத்தால் அனுப்பப்படும் பிரிவில் உங்கள் உறவினர் இருக்கிறாரா?” ஆம் என்று குறித்தாள். உறவினர் இருந்தால் உதவியாளர் நாற்காலியில் உட்காரக்கூடாது. வருத்தம் கூடுதலாக வந்துவிடுமாம். படிவத்தில் கெல்லர்மனும் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நிறைமதியா? அந்தச் சின்னப் பொண்ணா? போன கிறிஸ்துமஸுக்கு எனக்கு முறுக்கு கொண்டுவந்தாளே?”

“ஆமா, செனட்டர்.”

“சரி, வேற யாரையாவது உட்கார வைக்கலாம். பக்கத்து அலுவலகத்துல கேட்டா ஒருத்தர அனுப்புவாங்க.”

அப்படியே விட்டிருக்கலாம். யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஏதோ ஒரு எண்ணை எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் திலகவதிக்கு மனசு கேட்கவில்லை. ஆறு வருடத்தில் ஒன்பது அறிக்கை எழுதியிருக்கிறாள். வருத்த அளவு எட்டுக்குக் குறைந்து ஒன்றும் இல்லை. ஒன்பது அறிக்கைக்கும் அவர் “நல்லா எழுதியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு ஆதரித்துத்தான் வாக்களித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்கு நிச்சயம். துப்புரவு செய்கிறவர்களின் பிள்ளைகள் பெயர் வரைக்கும் நினைவு வைத்திருப்பவர். அந்த மனிதருக்கு ஒரு தடவை, நேராக, நெஞ்சில் இறங்கினால் போதாதா?

“செனட்டர், ஒரே ஒரு தடவை நீங்களே உட்காருங்க.”

அவர் சிரித்தார். “எனக்கு அறுபத்து மூணு வயசு. இதயம் நின்னு போச்சுன்னா?”

“பதினோரு வருஷத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல.”

அது உண்மை. அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தின ஊர்வலம் ஒன்றில் இளம் கெல்லர்மன் கையசைத்தபடி நடந்து போகிறார். சாலையோரத்தில் வரிசையாக நாற்காலிகள். யாராவது கேட்டால், “நான் அரசியல் கத்துக்கிட்ட நாள்” என்று சொல்லிச் சிரிப்பார். திலகவதி அதன் பக்கமாக ஆயிரம் முறை நடந்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“சரி, உங்களுக்காக” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. முன்வருத்தி அறைக்குள் அவரை லூயிஸ் அழைத்துப் போனான். கருவியை இயக்குகிறவன் அவன்தான். திலகவதி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நிமிடத்தில் உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. இருபதாம் நிமிடத்தில் அழுகை. பெரிய மனிதர் ஒருவர் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். திலகவதிக்கும் கண் கலங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் சந்தோஷமாகவும் இருந்தது. இறங்கிவிட்டது, என் பெண் பிழைத்தாள் என்று நினைத்தாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

லூயிஸ் வெளியே வந்து எண்ணைக் காட்டினான். 9.7.

“ஆறு வருஷத்துல இவ்வளவு நான் பார்த்ததே இல்ல” என்றான்.

கெல்லர்மன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

“என் அப்பா, திலா” என்றார். “அவரும் நாற்காலியத் திருப்பிப் போட்டுட்டார்.”

அவளுக்குப் புரியவில்லை.

“முதல் தடவை ஜெயிச்சு காங்கிரஸ் சபைக்கு வந்தப்ப ஒரு போர்த் தீர்மானம். நான் வேண்டாம்னு ஓட்டுப் போட்டேன். பன்னிரண்டு நாள்ல ஜெயிச்சுட்டாங்க. நாடே கொண்டாடுச்சு. ஜூலை நாலு ஊர்வலத்துல நான் வரேன்னு தெரிஞ்சதும், ரோட்டோரம் உக்காந்திருந்த எங்க ஊர் ஜனம் எழுந்து, நாற்காலியத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உக்காந்துச்சு. கடைசி வரிசையில எங்க அப்பா. அவரும் எழுந்தார். அவரும் திருப்பினார்.” மூச்சு வாங்கினார். “அடுத்த தேர்தல்ல தோத்தேன். ஆறு வருஷம் விதைக் கம்பெனில வேலை. அப்பா சாகற வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. இப்ப உள்ள நாற்பது நிமிஷமும் அந்தத் தெருவுலதான் நடந்தேன். முடியவே இல்ல அந்தத் தெரு.”

அந்தப் பன்னிரண்டு நாள் போர் அப்புறம் பத்து வருடம் நாறியது என்பது வேறு கதை. அப்போது நாற்காலியைத் திரும்ப நேராகப் போட யாரும் வரவில்லை.

திலகவதி அவர் பக்கம் திரும்பினாள். “செனட்டர், அது பழைய வருத்தம். கருவி அதைப் பிடிச்சுத்தான் பெருக்கும். இது மர்சானைப் பத்தினது இல்ல. நீங்க அந்தத் தெருவுல…”

“தெரியும்” என்றார் அவர், மிகவும் அன்பாக. “ஆனா உணர்ந்தது நான்தானே? உங்ககிட்ட மறைக்க மாட்டேன், திலா. இன்னிக்குக் காலையில வேண்டாம்னு ஓட்டுப் போடத்தான் கிளம்பி வந்தேன். உங்க பொண்ணு ஞாபகம்தான். எந்த அறிக்கை வந்தாலும் வேண்டாம்னு சொல்றதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப என்னால முடியாது. இன்னொரு தடவை அந்தத் தெருவுல என்னால நடக்க முடியாது.”

அவருக்கு உறை மோர் எது என்று திலகவதி கேட்டதே இல்லை. தனக்கு வந்தால் தெரியும் என்று நம்பித்தானே அவரை உள்ளே அனுப்பினாள். அவருக்கு வந்தது அவருடைய தலைவலிதான்.

தீர்மானம் ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது என்று நிறைவேறியது. கெல்லர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆதரித்துப் பேசினார். திருத்தம் வந்த பிறகு தானே நாற்காலியில் உட்கார்ந்த முதல் உறுப்பினர் அவர்; 9.7 வருந்திய பிறகும் கடமையைச் செய்தவர். பத்திரிகைகள் அவரைத் தூக்கிவைத்து எழுதின. இப்படிப்பட்ட மனசாட்சி உள்ளவர் முடிவு செய்தால் அது தப்பாக இருக்குமா என்று கேட்டன. அந்த மாதக் கடைசிக்குள் மற்ற உறுப்பினர்களும் உதவியாளர்களை விலக்கிவிட்டுத் தாங்களே உட்கார ஆரம்பித்தார்கள். எண் ஒன்பதுக்குக் குறைந்தால் வெட்கப்பட்டார்கள். அழுதுகொண்டே வெளியே வந்து அழுதுகொண்டே கை தூக்கினார்கள்.

நிறைமதி கிளம்புகிற அன்று விமானத் தளத்தின் வேலி வரைக்கும்தான் விட்டார்கள். மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

“யார்கிட்டயும் போய் நிக்கலதானே?”

“இல்லடி” என்றாள் திலகவதி. வாழ்க்கையில் மகளிடம் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான்.

காரில் திரும்பும்போது எல்லாவற்றையும் குமரவேலிடம் சொன்னாள். அவன் வண்டியை ஓரம் கட்டினான். கேலி எதுவும் வரவில்லை.

“நீ நல்லதுக்குத்தான பண்ண” என்றான்.

“எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க.”

ஜூலையில் வேறொரு கடலில் வேறொரு சின்னத் தீர்மானம். மர்சானுக்குச் சம்பந்தம் இல்லாதது. ஆகவே படிவத்தில் இல்லை என்று குறிக்க முடிந்தது. அந்த ஊர்வல நாளுக்காகக் கெல்லர்மன் சொந்த ஊருக்குப் போயிருந்தார். போகும்போது, நீங்களே உட்கார்ந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். திலகவதி நாற்காலியில் சாய்ந்தாள். லூயிஸ் கவசத்தை இறக்கினான். கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் மணிக்காகக் காத்திருந்தாள்.

மணி அடிக்கவில்லை. அவளுடைய குரலே கேட்டது. “ஒரே ஒரு தடவை நீங்களே உட்காருங்க.” நாற்பது நிமிடமும் அதையேதான் சொன்னது.

வெளியே வந்தபோது லூயிஸ் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரை நீட்டினான். “9.8” என்றான்.

அவள் மேஜைக்கு வந்து அறிக்கையோடு இணைக்கும் படிவத்தை எடுத்தாள். எண்ணை எழுதினாள். எதற்கான வருத்தம் என்று எழுத இடம் தேடினாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அதற்கு அந்தப் படிவத்தில் எப்போதுமே இடம் இருந்ததில்லை.