உப்புப் பார்க்க ஓர் ஆள்

சளி பிடிப்பதற்கும் ஒரு நாள் கிழமை வேண்டாமா? புத்தாண்டு அன்று காலையிலா பிடிக்க வேண்டும்? பம்பரத்தின் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

பம்பரம் என்பது செல்லப் பெயர். ஓர் இடத்தில் நிற்காத பத்து வயதுப் பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

புத்தாண்டு அன்று மதியம் குடும்பத்தில் பதினாலு பேரும் இவர்கள் வீட்டில்தான் கூடுவார்கள். ஆளுக்கொரு காய் முந்தின நாளே வந்துவிடும். அரிசி, பருப்போடு எல்லாக் காயும் ஒரே பானையில் வேகும். அதற்கு வருஷச் சோறு என்று பெயர். எல்லோரும் சேர்ந்து முதல் வாய் சாப்பிட்டால் வருஷம் முழுக்க நல்லது நடக்குமாம். அதற்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர்கூட ருசி பார்க்கக் கூடாது. பார்த்தால் அதிர்ஷ்டம் போய்விடும். இது அப்பாவின் அக்காவான பெரியத்தையின் சட்டம்.

ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது? அங்கேதான் அம்மா கெட்டிக்காரி. பானையிலிருந்து வரும் ஆவியை ஒரு தடவை மோந்து பார்ப்பாள். "இன்னும் அரைக் கரண்டி உப்பு," என்பாள். போட்டால் கச்சிதமாக இருக்கும். உலகத்தில் எத்தனையோ அம்மாக்கள் இருக்கலாம். உப்பை மோந்தே கண்டுபிடிக்கிற அம்மா தனக்குத்தான் என்று பம்பரத்துக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு அம்மா குனிந்து மோந்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

"ஒண்ணுமே தெரியல," என்றாள். "உப்பு போட்டேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்ல."

"நான் பார்க்கிறேன்," என்று பம்பரம் மூக்கை நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"சோறு வாசனை வருது."

"அது எனக்கே தெரியும்டி."

அப்பா எட்டிப் பார்த்தார். "ஒரு வருஷம் உப்பு முன்னே பின்னே இருந்தா என்ன? அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்ற அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மட்டும் சொல்லல. வருஷம் முழுக்க ஆளுக்கொரு பக்கம் ஓடறோம். எல்லாரும் ஒண்ணா உட்கார்றது இந்த ஒரு வேளைதான். அது உப்புச் சப்பில்லாம போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் பம்பரத்துக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஒரு நிமிடம் அசையாமல் நின்று யோசித்தாள். அதுவே அந்த வீட்டில் பெரிய அதிசயம்.

"அம்மா, குடும்பத்துல இருக்கிறவங்கதானே ருசி பார்க்கக் கூடாது? வெளியாள் பார்க்கலாமா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைச் சொறிந்தார். "அதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்ல. எதிர்வீட்டு டீச்சர்கிட்ட குடேன்."

"ஐயோ, வேண்டாம்ப்பா. நான் கருக்கின கேக்கையே பிரமாதம்னு சொன்னவங்க அவங்க. உள்ளதை உள்ளபடி சொல்ற ஆள் வேணும். கீழ்வீட்டுத் தையல்கார மாமா."

"அவரா?" அப்பா சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். போன மாதம்தான் தையல்காரர் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார், "பேண்ட் சின்னதாகல சார். வயிறு பெரிசாயிடுச்சு."

அந்த வாய்க்குப் பயந்தே கட்டடத்தில் யாரும் அவரிடம் அதிகம் பேசுவதில்லை. பம்பரத்துக்கும் பயம்தான். ஆனாலும் ஒரு கிண்ணத்தில் சோற்றை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள்.

தையல்காரர் தனியாக உட்கார்ந்து ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கை கழுவி வந்தார். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உப்பே இல்ல. தக்காளி தூக்கல். ஆனா அரிசி வெந்திருக்கு பார், அது பக்குவம்."

பம்பரம் மேலே ஓடினாள். அம்மா உப்புப் போட்டாள். தக்காளிப் புளிப்பு அடங்க ஒரு கேரட்டைத் துருவிச் சேர்த்தாள். கிண்ணம் மறுபடியும் கீழே போனது.

"உப்பு இன்னும் ஒரு சிட்டிகை. மிளகு போடல. உங்கம்மாவுக்குச் சளியா?"

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"இத்தனை காயையும் ஒரே அளவா நறுக்கியிருக்காங்க. இந்தக் கை மிளகை மறக்கிற கை இல்ல."

பம்பரம் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். மிளகை விட அந்தப் பாராட்டைத்தான் முதலில் அம்மாவிடம் கொட்டினாள்.

மூன்றாவது தடவை தையல்காரர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

"ஒரே ஒரு குறை," என்றார்.

பம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "என்ன மாமா?"

"கிண்ணம் சின்னது."

மேலே வந்து சொன்னதும் அம்மா சிரித்தாள். சிரிப்போடு இருமலும் வந்தது. பம்பரம் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா, அவர் வீட்டுல அடுப்பே மூட்டல. மேஜை மேல ஒரு ரொட்டிப் பாக்கெட்தான் இருந்தது."

"அப்ப ஏன் நிக்கறே? போய்க் கூட்டிட்டு வா."

தையல்காரர் தயங்கினார். "குடும்பமா சாப்பிடற இடத்துல நான் எதுக்குப் பாப்பா?"

"இதோட நாலு தடவை மாடி இறங்கிட்டேன் மாமா. அஞ்சாவது தடவை என்னால முடியாது."

அவர் கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் முதல் வாய் எடுத்தார்கள். பெரியத்தை மெதுவாக மென்று விழுங்கிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"யாரோ ருசி பார்த்திருக்கீங்க. மூக்கை அடைச்சுக்கிட்டு இவ்வளவு சரியா உப்புப் போட முடியாது."

அம்மா தலைகுனிந்தாள். பம்பரம் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் சொன்னார், "நான்தான் பார்த்தேன். மூணு தடவை. சமைச்சது முழுக்க அவங்க கை. ஓடினது முழுக்க இந்தப் பொண்ணு."

பெரியத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க வெளியாள். அதனால இந்த வருஷம் தப்பில்ல," என்றார். "ஆனா இப்ப எங்ககூட உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டாச்சு. அடுத்த வருஷத்துலேர்ந்து நீங்களும் ருசி பார்க்கக் கூடாது. குடும்பத்துல சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

தையல்கார மாமா தட்டை நீட்டினார். பெரியத்தையே இரண்டு கரண்டி அள்ளிப் போட்டார்.