அழிக்க அழிக்க வந்த போஸ்டர்

சண்முகராஜின் கம்ப்யூட்டர் அன்று மத்தியானமும் அதே எச்சரிக்கையைக் காட்டியது. ஹார்டு டிஸ்க் பழுதாகிறது, உள்ளே இருப்பதை உடனே வேறு இடத்தில் பத்திரப்படுத்தவும். பழைய டிஸ்க் இப்படித்தான் ஓயாமல் புலம்புகிறது என்று ரிப்பேர்க் கடை நந்தகோபால் அதைக் கழற்றிப் போட்டு, இனி ஒரு தொந்தரவும் வராது அண்ணாச்சி என்று புத்தம் புதுசாக மாட்டிவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வெளியே கோவில்பட்டி வெயில் தெருவில் ஒரு நாயைக்கூட விட்டுவைக்கவில்லை. ஜன்னலைச் சாத்திய முன்னறையில் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், இடுக்கு வழியே நுழைந்த கரிசல் புழுதியும், பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று வரும் அந்தச் சத்தமும்தான் இருந்தன. யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல, தட்டி நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துவிட்டு மறுபடியும் தட்டுவதுபோல அது கேட்டது.

டிஸ்க்கைச் சரிபார்க்க ஓடவிட்டால், ஒவ்வொரு தடவையும் முடிவில் ஒரே ஒரு ஃபைல் மீண்டு வந்து நிற்கும். அவன் மனைவி முத்துத்தாயின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

செய்தவன் அவனேதான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு என்று ஊருக்கெல்லாம் போஸ்டர் போட்டுக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு முன்கூட்டியே தயார் செய்து வைப்பதும் தொழிலில் உண்டு. தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதியைப் போட்டு, மறைவு என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டால் போதும். முத்துத்தாய் திருநெல்வேலியில் மூச்சுக்குத் திணறிக் கிடந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். அவளுடைய அண்ணன் ராஜபாண்டி வராந்தாவில் சண்முகராஜை ஓரங்கட்டி, எப்படியும் போஸ்டர் அடிக்கத்தானே வேணும், என் பேரைக் கொஞ்சம் பெரிசாப் போட்டிரு என்றான். கூடப்பிறந்தவன் லட்சணம் அது. ஆனால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து உட்கார்ந்து செய்து முடித்த புருஷனை என்னவென்று சொல்ல? ஊராருக்குச் செய்வதுபோல அவள் முகத்தையும் மெழுகினான். கன்னத்து அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாக அழித்தான். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டான், பாவி.

அவள் பிழைத்துவிட்டாள். அவன் போஸ்டரை அழித்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. காபியில் சீனி குறைந்தாலே வாய்நிறைய வைகிறவள், கொடுத்ததைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் மழுமழுவென்று ஆகியிருந்தது. மருந்து செய்கிற வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேறு எப்படி நினைக்க அவனுக்குத் தைரியம் வரும்?

சரிபார்ப்பு முடிந்தது. ஃபைல் வந்து நின்றது. எப்போதும் திறக்காமலே அழிப்பவன், இந்தத் தடவை திறந்தான்.

கன்னத்தில் தழும்பு இருந்தது.

அவன் கையால் அழித்த ஒவ்வொன்றும் இருந்தது. அவன் எடுத்துப் போட்ட படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இதில் சிரிக்கவில்லை. கண் அழுது வீங்கியிருந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இத்தனை வருஷம் பார்த்த உதடு, அவனுக்குத் தெரியாதா?

இங்கன இருக்கேன்.

படத்துக்குள் அவள் முட்டியை ஓங்கினாள். டிக். மறுபடி ஓங்கினாள். டிக்.

இத்தனை நாளும் தன்னைக் காப்பாற்றச் சொல்லித்தான் தட்டியிருக்கிறாள். வந்த ஒவ்வொரு தடவையும் அவன் அவளை அழித்திருக்கிறான்.

பென்டிரைவைச் செருகினான். போஸ்டர் அதில் காப்பியாகத் தொடங்கியது. பச்சைக் கோடு ஊர்ந்தது. கால்வாசி. பாதி.

பின்னால் யாரோ நின்றார்கள்.

மருந்து வாசனை இல்லை. அச்சு மை வாசனை. அவன் திரும்பிப் பார்த்தான். முத்துத்தாய். இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் பார்க்கிறான். மழுமழு கன்னம் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள். சுவரொட்டியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் தெரியுமே, அதே புள்ளிகள்.

"என்ன செய்யுதீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ, முத்து."

"அதான் நான் வந்துட்டேன்லா," என்றாள் அவள். "பொறவு அது எதுக்கு?"

அவன் தோளுக்கு மேலே கை நீட்டி, சுவிட்சை அணைத்தாள்.

அவன் சுவிட்சை எட்டப் பார்த்தான். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன. காகிதத்தின் கனம்தான். ஆனாலும் கையை அசைக்க முடியவில்லை.

திரை இருண்டு கிடந்தது. அதன் கண்ணாடிக்கு உள்பக்கம், மூச்சுப் பட்டதுபோல ஆவி படர்ந்தது. அதில் ஓர் உள்ளங்கை வந்து பதிந்தது. ஐந்து விரலும் மெல்ல, மெல்லக் கீழே வழுக்கிக்கொண்டே போயின.