பதினைந்தாவது பெட்டியின் எண்

அஞ்சீதாவின் வீட்டுச் சாமான் பதினான்கு பெட்டி. கம்ப்யூட்டர் திரை பதினைந்து என்றது.

சனிக்கிழமைப் பிற்பகல். தீவுத் தலைநகரான சுவாவின் மழை கிடங்குத் தகரக் கூரைமேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அறுத்த பலகையின் வாசனையும், ஈர அட்டையின் புளித்த நாற்றமும், துறைமுகத்து டீசல் நெடியும் ஒன்றாய்க் கலந்து, கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அவள் உட்கார்ந்திருந்த அறைக்குள்ளும் வந்து படிந்திருந்தன.

டிசம்பரில் மறுபடியும் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இந்தக் கம்பெனிக்கு நல்ல காலம். நாட்டை விட்டுப் போகிறவர்களின் சாமானைக் கட்டி ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் ஏற்றுவது தொழில். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போடும் புரோகிராம் அவள் எழுதியது. ரக்கிரக்கிக் கரும்புக்காட்டுக் குடும்பத்தின் முதல் பட்டதாரி படித்துக் கிழித்தது இதற்குத்தான்: ஓடுகிற சனத்துக்கு நம்பர் ஒட்ட. அன்றைக்கு முப்பாட்டனைக் கரும்புக்காட்டுக் கூலியாகக் கப்பலில் ஏற்றிய வெள்ளைக்காரனும் ஒரு நம்பரைத்தான் கையில் கொடுத்தான்.

சாமான் கட்டும் பல்ராமைக் கூப்பிட்டாள்.

"மாமா, எங்க வீட்டுப் பொட்டி எத்தன?"

"பதினஞ்சு."

"பதினாலு மாமா."

"அரே, நீ படிச்சவ, நான் படிக்காதவன், ஆனா பதினஞ்சு வரைக்கும் எனக்கும் எண்ண வரும்." அவர் சிரித்தார். "நீயும் போற, எல்லாரும் போறீங்க. கடைசில என்னையும் ஒரு பொட்டில போட்டு ஆணி அடிக்க இந்த ஊர்ல ஆள் இருக்காது." குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவள் பதினைந்தாவது எண்ணைப் பார்த்தாள். முப்பத்திரண்டு எழுத்தும் இலக்கமும் கொண்ட நீள எண். உலகத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று வராது என்பது, எண்ணை உண்டாக்க அவள் தன் புரோகிராமில் இணைத்திருந்த ஆயத்த நிரல், அந்த லைப்ரரி, தரும் வாக்கு. வராமலிருக்க, பிறந்த நேரத்தையும் பெற்ற கம்ப்யூட்டரின் முகவரியையும் எண்ணுக்குள்ளேயே அது பொதிந்துவிடும். மற்ற பதினான்கும் அவள் கம்ப்யூட்டரின் முகவரியில் முடிந்தன. பதினைந்தாவது வேறொன்றில் முடிந்தது.

அந்த முகவரி அவளுக்கு மனப்பாடம். கல்லூரியில் படித்த காலத்தில், சொந்தக் கம்ப்யூட்டர் வாங்க வக்கில்லாமல், சலேஷ் அண்ணன் ஸ்டாக் கிளார்க்காக இருந்த கடையின் பின்னறைக் கம்ப்யூட்டரில்தான் இதே லைப்ரரியை வைத்துப் பயிற்சி செய்தாள். ஏழு வருஷத்துக்கு முன் எரிந்துபோன கம்ப்யூட்டர் அது.

எண்ணைப் பிரித்து நேரத்தை எடுத்தாள். இரண்டாயிரம், மே பத்தொன்பது, மாலை மூன்று ஐம்பத்தொன்று.

மறுபடியும் பிரித்தாள். அதே நேரம்தான்.

அன்றைக்குப் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கி புகுந்தது. தெருவில் கடைகளை உடைத்துத் தீ வைத்தார்கள். அண்ணன் தப்பித்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து போன் பண்ணினான். மூன்று நாற்பது. அவள்தான் சொன்னாள்: "அண்ணா, என் பிளாப்பி டிஸ்க் கடைக்குள்ளயே இருக்கே. நாளைக்கு சப்மிட் பண்ணணும்." அவன் திட்டக்கூட இல்லை. "சரி அஞ்சு" என்று எப்போதும் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லித் திரும்பிப் போனான். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் முதலாளி இரும்பு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார். நாலு பத்துக்குத் தீயில் கூரை விழுந்தது.

ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. "சாம்பல்கூட இல்லாம அவன இங்க விட்டுட்டு எப்படிடி பிளேன் ஏறுறது?" என்று ஏழு வருஷமாக மறுத்த அம்மா, கரும்புக்காட்டுக் குத்தகை முடிந்த பிறகுதான் இறங்கி வந்தாள். திங்கட்கிழமை பயணம். அந்த போனைப் பற்றி அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பழைய பைல் எங்காவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அப்படித்தான் இருக்கும். அவள் அந்த வரியை அழித்தாள்.

திரும்ப வந்தது. புது எண். அதே முகவரி. மூன்று ஐம்பத்தைந்து.

எண் தானாகப் பிறக்காது. யாராவது எண்டர் தட்ட வேண்டும்.

மழைச் சத்தத்துக்கு நடுவே எங்கோ தீய்ந்த பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. அதே வரியில் அடுத்த எண். மூன்று ஐம்பத்தொன்பது. அவளுக்குப் புரிந்தது. அந்தக் கடைப் பின்னறையில் அந்தச் சாயங்காலம் இன்னும் முடியவில்லை.

பெட்டிக்குள் என்ன சாமான் என்று எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அதில் அடித்தாள்: அண்ணா, டிஸ்க்க விட்டுடு. வெளியே போ.

நாலு இரண்டு. கட்டம் காலி.

நாலு ஐந்து. காலி.

நாலு ஏழு. கட்டத்தில் எழுத்து.

எடுத்துட்டேன் அஞ்சு. ஷட்டர் திறக்கல.

"அண்ணா!" என்று கத்தினாள். கூரைமேல் மழை.

நாலு ஒன்பது. கட்டத்தில் ஒரே சொல்: புகை.

நாலு பத்து.

அதன்பிறகு எண் வரவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. பட்டியலில் பதினைந்து வரி. கிடங்குக்குள் ஏதோ தட்டியது.

டொக்.

ஓடலாம். வாசல் இடது பக்கம். மழைக்குள் இறங்கி ஒரு டாக்ஸியைப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் அம்மாவிடம். ஏழு வருஷத்துக்கு முன் அவனும் அப்படி ஓடித் தப்பித்தவன்தான். அவள் சொல்லித்தானே திரும்பினான்.

வலது பக்கம், கிடங்குக்குள் திரும்பினாள்.

பதினான்கு பெட்டியும் வெள்ளைப் பலகை. அவற்றின் பின்னால், சுவரை ஒட்டி, கறுத்த ஒன்று. மழைச் சாரல் அதன்மேல் விழுந்து ஆவியானது. லேபிளில் ஆக்லாந்து முகவரி. அம்மா பெயர்.

"அண்ணா."

டொக். டொக்.

முட்டி போட்டு உட்கார்ந்தாள். கீழ்ப் பலகைக்கும் நடுப் பலகைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. உள்ளே இருட்டு. இருமல் மாதிரி ஏதோ.

இடைவெளி வழியாக ஒன்று மெல்ல வெளியே நீண்டது. சதுரமாய். ஓரம் உருகி. அவள் கையெழுத்தில் அவள் பெயர்.

சூடு விரலைச் சுட்டது. அவள் விடவில்லை. இழுத்தாள்.

மறுமுனையைப் பிடித்திருந்த கையும் விடவில்லை.