கடைசிச் சிரட்டை

அலையென்பதே அற்றுப்போன கீழைக் கடலின் மீது அந்திச் செவ்வானம் தன் குங்குமத்தையெல்லாம் கொட்டிக் கவிழ்த்திருந்த வேளையில், கடாரத்திலிருந்து நாகைப்பட்டினம் நோக்கிப் புறப்பட்ட வணிகக் கலமொன்று, பாய்கள் துவண்டு தொங்க, நகர வழியின்றி நின்றது. அழகான காட்சிதான், வாசகர்களே, கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு! கலத்திலிருந்தவர்களுக்கோ குடிநீர்ச் சாடிகளின் அடி தெரியத் தொடங்கியிருந்தது.

அந்தக் கலத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் பாய்மரத்தடியில் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர். எல்லோரும் குடித்தபின், எல்லோர் கண்ணெதிரிலும், கலத்தின் தலைவனான மீகாமன் கடைசியாகக் குடிப்பான். அவன் தங்களை ஏய்க்கவில்லை என்பதற்கு மாலுமிகள் கேட்ட சான்று அதுவே. ஆனால் சில நாட்களாக மீகாமன் வெண்காடன் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டதென்று சைகையாலேயே கட்டளையிட்டு, தன் சிரட்டையையும், காய்ச்சலில் கிடப்பதாகச் சொல்லப்பட்ட வணிகர் மகள் தில்லையழகியின் சிரட்டையையும் பின்னறைக்குள் எடுத்துச் சென்றுவிடுகிறான். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அன்று துடுப்புக்காரர் தலைவன் பெருங்காரி வழிமறித்தான்.

"இங்கேயே, எங்கள் முன்னால் குடியுங்கள், ஐயா! இல்லையேல் படகை இறக்கிக்கொண்டு நாங்கள் போகிறோம்."

"படகு பாதிப் பேரைத்தான் தாங்கும்," என்றது சால்வைக்குள்ளிருந்து கரகரத்த குரல். "மற்றவர்கள்?"

"அவரவர் விதி! ஒளித்துக் குடிப்பவருக்கு எங்கள் மேல் என்ன அக்கறை?"

சொன்னவன் சால்வையைப் பற்றி இழுத்தான். கருங்கூந்தல் அவிழ்ந்து தோளில் சரிந்தது. அங்கே நின்றவள் தில்லையழகி!

"மீகாமர் எங்கே?" என்று கேட்டான் பெருங்காரி.

"கடலில்," என்றாள் அவள். "காய்ச்சல் கண்டது அவருக்குத்தான். நாகை சேர்ந்ததும் மணம் முடிக்க இருந்தோம். என் மடியில் உயிர் விட்டார். 'நான் போனது தெரிந்தால் வலுத்தவர்கள் படகில் ஏறிவிடுவார்கள், இளைத்தவர்கள் இங்கேயே மடிவார்கள். காற்று எழும்வரை என் ஆட்களைப் பிரியவிடாதே' என்றார். எல்லோரும் உறங்கிய நள்ளிரவில், வாய்விட்டு அழவும் முடியாமல் நானே அவரைக் கடலுக்குக் கொடுத்தேன்."

"அவர் பங்குத் தண்ணீர்?"

அவள் பின்னறைக் கதவைத் திறந்தாள். மூலையில் ஒரு குடம் இருந்தது. வெண்காடனின் பங்கு அத்தனையும் அதில் தொடப்படாமல் கிடந்தது.

"அவர் ஆட்களுக்கென்று சேர்த்தேன்."

பெருங்காரி அவள் காலடியில் விழுந்தான். "கரை காணும்வரை படகின் கயிற்றை எவன் தொட்டாலும் அவன் என் பகைவன்! இந்தப் பாய்மரத்தின் மேல் ஆணை!" என்றான் விம்மலுக்கிடையே.

குடத்து நீரை அவனே எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறாக அளந்தான். எஞ்சிய கடைசிச் சிரட்டையை இரு கைகளாலும் அவளிடம் நீட்டினான். அவள் பழக்கத்தில் அதை எடுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் திரும்பினாள்.

"இங்கேயே, எங்கள் முன்னால் குடியுங்கள், மீகாமரே," என்றான் பெருங்காரி.