ரோஷினி திரும்பி வந்து சொன்னாள்

அம்பத்தூர் ரயில் நிலைய வாசலில் ஒருவர் நின்றபடி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டி இல்லாததால் ஓர் அட்டையை வளைத்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அந்த அட்டையில் 'ரோஷினி, ஆறாம் வகுப்பு, வருங்கால ரயில் ஓட்டுநர்' என்று அச்சடித்திருந்தது.

பக்கத்தில் நின்ற ரோஷினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை பள்ளியில் விருந்தினர் நாள். ஏதாவது ஒரு வேலையில் இருக்கும் பெரியவரை அழைத்து வந்து பேச வைக்க வேண்டும், புதன்கிழமைக்குள் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று கோமளா டீச்சர் சொல்லியிருந்தார். யாரும் கிடைக்காவிட்டால் வகுப்புத் தோழன் கிஷோரின் மாமா வருவார். போன வருடமும் அவர்தான் வந்தார். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பாதி வகுப்பு தூங்கிவிட்டது. மீதிப் பாதி, சாய்ந்துகொள்ள இடம் கிடைக்காமல் விழித்திருந்தது.

ரோஷினிக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ரயில் ஓட்டுநர் ஆவேன் என்று அவள் வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சு சிரித்தது. பெண்களும் ரயில் ஓட்டுவார்கள் என்று அவள் சண்டை போட்டாள். "நீ யாரையாவது பார்த்திருக்கியா?" என்று கிஷோர் கேட்டான். அவள் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி மீன் முள்ளைப் போலத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பிறகு கிஷோரே யோசனையும் சொன்னான். பெரிய ஆட்களைப் பிடிக்க நெட்வொர்க் வேண்டுமாம், நெட்வொர்க்குக்கு விசிட்டிங் கார்டு வேண்டுமாம். கல்யாண வீடுகளில் சேகரித்த கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டு அவன் ஒரு கட்டாகவே வைத்திருந்தான். அதில் ஒருவரையாவது அவனுக்குத் தெரியுமா என்று கேட்க ரோஷினிக்குத் தோன்றவில்லை. அம்மாவை நச்சரித்து ஜெராக்ஸ் கடையில் கார்டு அடித்தாள். அம்மாவும் அவளும் ஸ்டேஷன் வாசலில் நின்று கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் டியூஷன் விளம்பரம் என்று நினைத்து மாதம் எவ்வளவு என்று கேட்டார்கள். இன்னொருவர் சுண்டல் சாப்பிட்டார். நெட்வொர்க் அவ்வளவுதான்.

மேனாம்பேட்டில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் வாசலில் வாட்ச்மேன் நாகேந்திரன் உட்கார்ந்திருந்தார். மேனாம்பேடு அவருக்குப் பிறந்த ஊர். திருச்சியிலிருந்து போன வருடம்தான் வந்த ரோஷினி வீட்டாருக்குக் காய்கறிக் கடை முதல் கறவை மாட்டுப் பால் வரை காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"இன்னாமா, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்று கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுண்டலுக்குச் சிரித்துவிட்டு, "இதை மொதல்லியே என்னாண்ட கேக்கக் கூடாதா?" என்றார். "ஸ்டேஷனாண்ட ராணின்னு ஒருத்தி டிபன் கடை வெச்சுகினு கீறா. ரயில்காரங்க பாதிப் பேரு அங்கதான் துன்றாங்க. நாகேந்திரன் அனுப்புனாருன்னு சொல்லு."

மறுநாள் காலையிலேயே அம்மாவோடு ராணியின் கடைக்குப் போனாள். தோசையைத் திருப்பிக்கொண்டே ராணி எல்லாவற்றையும் கேட்டாள். மின்சார ரயில் ஓட்டும் ஜெபா மேடம் அங்கேதான் தினமும் சாப்பிடுகிறாராம். ரோஷினிக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் ராணி மறுத்துவிட்டாள்.

"வேணாம் பாப்பா, நான் கேக்க மாட்டேன். காரியம் ஆவற வரைக்கும் அக்கா அக்கான்னு வருவாங்க. ஆச்சா இல்லியான்னு ஒரு வார்த்தை வந்து சொல்ல மாட்டாங்க. போன வருசம் ஒரு தம்பிக்கு கம்பெனில ட்ரெய்னிங் வாங்கிக் குடுத்தேன். சேந்தானா இல்லியான்னு இன்னிவரைக்கும் தெரியாது. குடுத்தவங்க கேட்டா எனக்குத்தான் அசிங்கம்."

 திரும்பும் வழியெல்லாம் கிஷோரின் மாமாவுடைய லேப்டாப் ரோஷினியின் கண்முன் வந்து வந்து போனது.

வாசலில் நாகேந்திரன் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். நடக்காத காரியத்தை அவரிடம் என்னவென்று சொல்வது? நைசாக உள்ளே போய்விடலாம் என்று நினைத்தாள். லிஃப்டு வரைக்கும் போயும் விட்டாள். ஆனால் ராணி அக்கா சொன்னது உறுத்தியது. அந்த ட்ரெய்னிங் தம்பியும் இப்படித்தானே நைசாகப் போயிருப்பான்? அவள் திரும்பி வாசலுக்கு நடந்தாள்.

"அண்ணா, ராணி அக்காவைப் பார்த்தேன். கேட்க மாட்டேன்னுட்டாங்க. ஆனா நீங்க சொன்னதாலதான் ரயில் ஓட்டுற ஒரு மேடம் இருக்காங்கன்னே எனக்குத் தெரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வழி கேட்டவரை அனுப்பிவிட்டு நாகேந்திரன் அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பில்டிங்ல பிளம்பரு வேணும், வீட்டு வேலைக்கு ஆளு வேணும்னு எல்லாரும் என்னாண்டதான் வருவாங்க," என்றார். "காரியம் ஆவலன்னு சொல்றதுக்குக்கூட திரும்பி வந்தது நீதாம்மா மொத ஆளு."

அவள் நிற்கும்போதே போனை எடுத்தார். "ராணி, நான் அனுப்புன பொண்ணு வந்து சொல்லிட்டு நிக்குது. ஆவலன்னாலே வந்து சொல்ற புள்ள, ஆச்சுன்னா சொல்லாதா? கொஞ்சம் கேட்டுப் பாரு."

செவ்வாய்க்கிழமை மாலை ராணியிடமிருந்து பதில் வந்தது, ஜெபா மேடம் வருகிறாராம். புதன்கிழமை ரோஷினி கோமளா டீச்சரிடம் ஜெபா மேடத்தின் பெயரைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை, காலை வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஜெபா மேடம் சீருடையிலேயே பள்ளிக்கு வந்தார்.

அன்று யாரும் தூங்கவில்லை. பிரேக் போட்ட உடனே ரயில் நின்றுவிடாது என்றபோது கடைசி பெஞ்சு முன்னால் நகர்ந்து வந்தது. தண்டவாளத்தில் வந்து நின்ற எருமை ஒன்று ஹாரன் அடித்தும் நகராமல் அசைபோட்டுக்கொண்டு அவரையே பார்த்த கதைக்கு டீச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் கிஷோர் ஓடிவந்து விசிட்டிங் கார்டு கேட்டான். ஜெபா மேடம் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று தன்னிடம் இல்லையே என்றார். கிஷோருக்குப் பெரிய அதிர்ச்சி.

கிளம்பும்போது ஜெபா மேடம் ரோஷினியைக் கூப்பிட்டார்.

"எங்கிட்டயும் வந்து சொல்லணும். பரீட்சை எழுதி ரயில் ஓட்டுற வேலையில சேர்ந்ததும்."

"அதுக்கு இன்னும் ரொம்ப வருஷம் ஆகும் மேடம்."

"ஆகட்டும். நான் இதே லைன்லதான் போயிட்டு வந்துட்டு இருப்பேன்."

ரோஷினி தலையாட்டினாள். தொண்டை முள் போன இடம் தெரியவில்லை. கடைசி மணி அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஜெபா மேடத்திடம் வந்து சொல்வதற்கு முன்னால் நாகேந்திரன் அண்ணாவிடமும் ராணி அக்காவிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.